அகலம் தெரியாத படம்: கோலம், செக்ரோல், கணினி

கீழே இருக்கும் எண்களைக் கொஞ்சம் பாருங்கள்.

1000110001100011000111111

இது ஒரு படம். மொத்தம் 25 எண்கள். 1 என்றால் கறுப்பு, 0 என்றால் வெள்ளை. என்ன படம் என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. கணினியாலும் முடியாது. ஆனால் ஐந்தைந்தாகப் பிரித்து ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதினால் தெரிந்துவிடும்.

10001
10001
10001
10001
11111

'ப' என்ற எழுத்து. சரி, அதே 25 எண்களை ஆறாறாகப் பிரிச்சு எழுதினா என்ன ஆகும்?

100011
000110
001100
011111
1

நேராக நின்ற கால்கள் சரிந்துவிட்டன. எழுத்து காணாமல் போய்விட்டது. இத்தனைக்கும் ஒரு எண்ணைக்கூட நாங்கள் மாற்றவில்லை, தொலைக்கவும் இல்லை. தொலைந்தது எண்களுக்கு வெளியே இருந்த ஒரே ஒரு தகவல்: அகலம் 5.

கணினிக்குள் இருக்கிற எல்லாப் படங்களும் இப்படித்தான். படம் என்று அங்கே எதுவும் இல்லை. நீளமான ஒரு எண் வரிசை மட்டும் இருக்கிறது. அதை எந்த இடத்தில் வெட்டி, எந்த ஒழுங்கில் அடுக்க வேண்டும் என்று தெரிந்தவருக்கு மட்டுமே அது படம். கலைப்பீடத்தில் வரலாறும் தமிழும் படிக்கிற எங்களுக்கு இது எதுக்கு என்று கேட்கலாம். வட்டவளைப் பக்கத்து லயங்களில் இன்றைக்கும் டிரங்குப் பெட்டிகளில் பழைய காகிதங்கள் கிடக்கின்றன. அவற்றைத் தொலைபேசியில் படமெடுத்துச் சேர்க்கத் தொடங்கியபோதுதான், இது கணினிக்காரர்களின் பிரச்சினை மட்டுமல்ல, மலையகத்தின் பிரச்சினையும்தான் என்று எங்களுக்குப் பட்டது.

கடலுக்கு அடியிலும் வானத்துக்கு அப்பாலும்

படத்தை எண்ணாக்கும் வேலை கணினிக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1920களின் தொடக்கத்தில் லண்டனிலிருந்து நியூயோர்க்குக்குப் பத்திரிகைப் படம் அனுப்ப வேண்டும் என்றால் கப்பலில் ஒரு வாரத்துக்கு மேல் போகும். பார்த்தலோமியூ, மெக்ஃபார்லேன் என்ற இருவர் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். படத்தைச் சின்னச் சின்னப் புள்ளிகளாகப் பிரித்து, ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு கறுப்பு என்பதை ஐந்து படிகளில் குறித்து, காகித நாடாவில் துளைகளாக்கி, கடலடித் தந்தி வழியாக அனுப்பினார்கள். மூன்று மணி நேரத்துக்குள் படம் அக்கரை சேர்ந்தது. 1929இல் அந்த ஐந்து படிகள் பதினைந்தாக உயர்ந்தன.

கணினிக்குள் முதன்முதலாகப் புகைப்படம் ஒன்றை ஏற்றியவர் அமெரிக்காவின் ரஸல் கிர்ஷ். 1957இல், பிறந்து மூன்று மாதமே ஆன தன் மகனின் படத்தை வருடிக்குள் வைத்தார். அகலம் 176 புள்ளி, உயரம் 176 புள்ளி. பெருக்கினால் 30,976. அந்தக் கருவிக்குக் கறுப்பும் வெள்ளையும் மட்டும்தான் தெரியும், அதாவது 1 அல்லது 0. சாம்பல் நிறம் வேண்டும் என்பதற்காக வெளிச்ச எல்லையை மாற்றி மாற்றிப் பலமுறை வருடி, அந்த இருமப் படங்களை ஒன்றன்மேல் ஒன்று சேர்த்தார்கள்.

1965 ஜூலையில் மரைனர் 4 விண்கலம் செவ்வாய்க்குப் பக்கத்தில் போய் எடுத்த படங்கள் 200க்கு 200 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 6 பிட். ஒரு படத்துக்கு 2,40,000 பிட். விநாடிக்கு எட்டு பிட் சொச்சம்தான் வந்தது என்பதால் ஒரே படம் வந்து சேர எட்டு மணி நேரம் ஆனது. காத்திருக்கப் பொறுமையில்லாத பொறியியலாளர்கள் வந்த எண்களைக் காகிதப் பட்டிகளில் அச்சடித்து, சுவரில் பக்கம் பக்கமாக ஒட்டி, எண்ணுக்கு ஏற்ற மாதிரி வண்ணக்கட்டியால் நிறம் தீட்டினார்கள். செவ்வாயை அருகிலிருந்து எடுத்த முதல் படம் இப்படிக் கையால் வரைந்ததுதான். பட்டிகளை எந்த ஒழுங்கில் ஒட்டுவது என்று தெரிந்திருந்ததால் அது செவ்வாய் ஆனது.

தாம்பரத்தில் ஒரு கோலம்

இந்த வரலாற்றில் தமிழர்களுக்கும் ஓர் இடம் இருக்கிறது. ஆனால் பள்ளிக்கூடத்தில் யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை.

சென்னைத் தாம்பரத்தில் இருக்கும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி என்ற புள்ளியியல் பேராசிரியர் இருந்தார். அவருடைய மனைவி ராணி சிரோமணி கணிதப் பேராசிரியர். அவர்களோடு வேலை செய்தவர் கமலா கிருத்திவாசன், பின்னாளில் சென்னை ஐ.ஐ.டி.யில் கணினி அறிவியல் பேராசிரியராக இருந்தவர். மொழிக்கு இலக்கணம் இருப்பது போலப் படத்துக்கும் இலக்கணம் எழுத முடியுமா என்பது இந்த மூவரும் கேட்ட கேள்வி. 1972இலிருந்து இதைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார்கள். 1974இல் வந்த கட்டுரையின் தலைப்பிலேயே 'கோலம்' என்ற நம் சொல் இருக்கிறது.

அவர்களுடைய முதல் இலக்கணம் எளிமையானது. முதலில் ஒரு நிரையைக் கிடையாகப் பரப்ப வேண்டும். பிறகு அந்த நிரையில் இருக்கும் ஒவ்வொரு குறியும் ஒரே நேரத்தில் கீழ்நோக்கி ஒரு நிரலாக வளர வேண்டும். நம்முடைய 'ப'வை வைத்தே பாப்போம். மேல் நிரை: இடக்கால், நடு, நடு, நடு, வலக்கால். இடக்கால் கீழே வளரும்போது 1, 1, 1, 1, 1. நடு வளரும்போது 0, 0, 0, 0, 1. வலக்கால் மறுபடி 1, 1, 1, 1, 1. ஐந்து நிரல்களும் ஒன்றாக வளர்ந்து முடிந்தால் 'ப' நிற்கும். விதியை மாற்றாமல் நடுவை இன்னும் இரண்டு கூட்டினால் அகலமான 'ப' கிடைக்கும். 25 எண்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. விதி தெரிந்தால் போதும்.

வாசலில் புள்ளி வைக்கிற யாருக்கும் இது புது விஷயம் இல்லை. எங்கள் வீடுகளில் பொங்கலுக்குக் கோலம் போடுகிறவர்கள் படத்தைப் பார்த்து வரைவதில்லை. "ஏழுக்கு ஏழு நேர்ப்புள்ளி", "பதினஞ்சு புள்ளி, ஊடுபுள்ளி எட்டு வரைக்கும்" என்றுதான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். முதலில் அளவு, பிறகு அடுக்கும் விதம், அதற்குப் பிறகுதான் கோடு. கணினிக்காரர்கள் ஹெடர் என்று சொல்கிற தலைப்பகுதியின் வேலையை எங்கள் அம்மாக்கள் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார்கள். கிஃப்ட் சிரோமணி குழு செய்த பெரிய காரியம், அந்த வாக்கியத்தைக் கணித மொழியில் எழுதிக் காட்டியது.

1978இல் கிஃப்ட் சிரோமணியும் அவருடைய சக ஆய்வாளர்களும் இன்னொரு படி போனார்கள். இந்தத் தடவை வேலை தலைகீழ்: எண் வரிசையைப் பார்த்து அது என்ன எழுத்து என்று கணினி சொல்ல வேண்டும். அச்சடித்த தமிழ் எழுத்தை 0, 1 கொண்ட அணியாக்கி, அதை நிரை நிரையாக ஒருமுறையும் நிரல் நிரலாக ஒருமுறையும் வருடி, கிடைத்த அம்சங்களைக் குறியீட்டுச் சரமாக மாற்றி, முன்பே செய்து வைத்த அகராதியோடு ஒப்பிட்டார்கள். நம் 'ப'வை நிரை நிரையாக வாசித்தால் முதல் நான்கு நிரைகளில் இரண்டு கறுப்புத் துண்டுகள், கடைசி நிரையில் ஒரே நீளத் துண்டு. நிரல் நிரலாக வாசித்தால் வேறொரு கணக்கு வரும். இரண்டு வாசிப்பையும் சேர்த்தால் ஒரு எழுத்தை இன்னொன்றிலிருந்து இன்னும் உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடியும். 1983இல் பிராமி எழுத்துகளுக்கும் இதைச் செய்து பார்த்தார்கள்.

இந்த இரட்டை வாசிப்பை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே அட்டவணைதான். படுக்கையாக வாசிப்பவருக்கும் நெடுக்காக வாசிப்பவருக்கும் அது வேறு வேறு செய்தி சொல்லும்.

மலை பச்சை, சேலை நீலம்

இனி ஒரு கோப்பைத் திறந்து பாப்போம். பைதான் மொழியில் ஒரு கோப்பை இரண்டு விதமாகத் திறக்கலாம்: எழுத்தாக, அல்லது பைனரியாக. படத்தை எழுத்தாகத் திறந்தால் அநேகமாகப் பிழைச் செய்திதான் வரும். பைனரியாகத் திறந்தால் 0 முதல் 255 வரையான எண்கள் வரிசையாக வரும். ஒவ்வொன்றும் ஒரு பைட்.

விண்டோஸின் பழைய பி.எம்.பி வகைப் படத்தில் முதல் இரண்டு பைட்டுகள் 66, 77. அவை 'பி', 'எம்' என்ற ஆங்கில எழுத்துகளின் எண்கள். "நான் இந்த வகைக் கோப்பு" என்று அது தன்னை அறிமுகம் செய்கிறது. 0விலிருந்து எண்ணினால் 18ஆவது இடத்தில் தொடங்கும் நான்கு பைட்டுகளில் படத்தின் அகலம் இருக்கும். அடுத்த நான்கில் உயரம்.

அந்த அகலப் பைட்டுகள் 128, 2, 0, 0 என்று வைத்துக்கொள்வோம். இந்த வகைக் கோப்பில் சிறிய இடமதிப்புதான் முதலில் வரும். ஆகவே 128ஐயும், 2ஐ 256ஆல் பெருக்கி வரும் 512ஐயும் கூட்டினால் 640. அதையே பெரிய இடமதிப்பு முதலில் என்று எண்ணி வாசித்தால் விடை 214 கோடியைத் தாண்டிவிடும். கோப்பில் எந்தத் தப்பும் இல்லை. வாசித்த திசைதான் தப்பு. எந்த முனையிலிருந்து வாசிப்பது என்று கணினி நிறுவனங்கள் நீண்ட காலம் மல்லுக்கட்டின. 1980இல் டானி கோஹன் அந்தச் சண்டைக்கு, முட்டையைப் பெரிய முனையில் உடைப்பதா சின்ன முனையில் உடைப்பதா என்று கலிவரின் பயணங்களில் வரும் சண்டையிலிருந்து பெயர் எடுத்து வைத்தார். அந்தப் பெயர்தான் நிலைத்தது.

அடுத்த சிக்கல். இந்த வகைப் படத்தில் அடி நிரைதான் வழக்கமாக முதலில் எழுதப்பட்டிருக்கும். தெரியாமல் மேலிருந்து அடுக்கினால் 'ப' கவிழ்ந்துவிடும். அதற்கும் மேல், ஒவ்வொரு நிரையும் நான்கின் மடங்காக முடிய வேண்டும் என்று ஒரு விதி. 5 புள்ளி அகலமுள்ள வண்ணப் படத்தில் ஒரு நிரைக்கு 15 பைட். 16 ஆக்குவதற்காகக் கடைசியில் ஒரு வெற்றுப் பைட் சேர்க்கப்படும். அதை நீக்காமல் அடுக்கினால் படம் சரியத் தொடங்கும், நாம் ஆறாறாக வெட்டியபோது 'ப' சரிந்த மாதிரி.

நிறத்தில்தான் விஷயம் இன்னும் சுவாரசியம். ஒரு புள்ளிக்கு மூன்று பைட்: சிவப்பு, பச்சை, நீலம். ஆனால் பி.எம்.பி கோப்பில் அவை நீலம், பச்சை, சிவப்பு என்ற ஒழுங்கில் இருக்கும். இதை மாற்றி அடுக்காமல் அப்படியே காட்டினால் சிவப்பும் நீலமும் இடம் மாறிவிடும். நடுவில் இருக்கும் பச்சை மட்டும் அசையாது.

ஒரு தேயிலைத் தோட்டத்துப் படத்தில் இது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கொழுந்து கிட்டத்தட்டப் பச்சையாகவே இருக்கும். வட்டவளையின் பனிமூட்டமும் மாறாது, ஏனென்றால் வெள்ளையிலும் சாம்பலிலும் மூன்று எண்களும் ஏறத்தாழ சமம். ஆனால் கொழுந்தெடுக்கும் அக்காவின் சிவப்புச் சேலை நீலமாகும். அவருடைய முகமும் நீலம் பாய்ந்து போகும். தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு மலை சரியாக இருக்கிறது, படமும் சரியென்றே தோன்றும். மனிதர்கள் மாறிப் போனது கிட்டப் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

மலையகத்தைப் பற்றி உலகத்தில் இருக்கிற படங்களில் முக்கால்வாசி இப்படித்தான் இருக்கின்றன என்று எங்களுக்குத் தோன்றியது. தேயிலைப் பெட்டியிலும் சுற்றுலா விளம்பரத்திலும் மலை அச்சுப் பிசகாமல் இருக்கிறது. மனிதர்களைப் பற்றிய தகவல்தான் இடம் மாறியோ இல்லாமலோ இருக்கிறது.

பெயரில்லாத முகங்கள்

19ஆம் நூற்றாண்டின் பெரிய புகைப்படக் கலைஞர்களில் ஒருவர் ஜூலியா மார்கரெட் கேமரன். அவர் கடைசியாக வாழ்ந்தது இலங்கையில். 1875இல் குடும்பத்தோடு இங்கே வந்தார். 1879 ஜனவரியில் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் இறந்தார். வட்டவளையிலிருந்து ஹட்டன் வழியாகப் போனால் அந்த இடம் அதிக தூரம் இல்லை. பொகவந்தலாவையில் உள்ள தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அவருடைய கணவர் சார்ல்ஸ் ஹே கேமரன், 1833இல் இலங்கையின் நிர்வாகத்தையே மாற்றியமைத்த கோல்புரூக் - கேமரன் சீர்திருத்தத்தின் கேமரன்தான்.

இங்கிலாந்தில் அவர் எடுத்த படங்களில் கவிஞர் டெனிசன், விஞ்ஞானி டார்வின் எனப் பலர் பெயரோடு இருக்கிறார்கள். இலங்கையில் எடுத்தவற்றில் மிகச் சிலவே மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் இருக்கும் ஆண்கள், பெண்கள், பிள்ளைகள் பெரும்பாலானோருக்குப் பெயர் இல்லை. இன்றைக்கு அந்தப் படங்களின் தெளிவான டிஜிட்டல் பிரதிகளை இணையத்தில் பார்க்கலாம். ஒவ்வொரு புள்ளியும் பத்திரமாக இருக்கிறது. எடுத்தவர் யார், எந்த முறையில் அச்சிடப்பட்டது, எத்தனை சென்றிமீற்றர் என்பதெல்லாம் எழுதப்பட்டிருக்கிறது. கமராவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர் யாருடைய மகள் என்பது மட்டும் இல்லை. எண்கள் அழிவது ஒரு வகை இழப்பு. எண்கள் முழுசாக இருந்தும் அவற்றை விளக்கும் தகவல் இல்லாமல் போவது இன்னொரு வகை. இரண்டாவதைத் தொழில்நுட்பத்தால் மட்டும் சரிசெய்ய முடியாது.

செக்ரோல் என்ற அணி

எங்கள் முன்னோர்களைப் பற்றி எழுதி வைக்கப்படவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. எழுதினார்கள், தினமும் எழுதினார்கள். ஆனால் எதற்காக எழுதினார்கள் என்பதுதான் கேள்வி.

விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் ஆள் கணக்கு எடுத்து, கணக்கப்பிள்ளை பதிய, செக்ரோலில் ஏற்றுவார்கள். இடப்பக்கம் ஆட்கள், மேலே திகதிகள். வந்தால் ஒரு அடையாளம், வராவிட்டால் வெறும் கட்டம். நிறுத்த அளவுக்குக் கொழுந்து எடுத்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர். கணினிக் கண்ணால் பார்த்தால் இது ஒரு படம்தான். ஆட்கள் நிரை, நாட்கள் நிரல், ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு எண்.

தோட்டம் இதை எப்படி வாசித்தது? நெடுக்காக வாசித்தால் இன்றைக்கு எத்தனை பேர் மலைக்குப் போனார்கள் என்பது தெரியும். படுக்கையாக வாசித்தால் மாசக் கடைசியில் ஒருவருக்கு எவ்வளவு சம்பளம், எவ்வளவு பிடிப்பு என்பது தெரியும். அதோடு அவர்களுக்கு வேலை முடிந்தது.

நாம் வாசிக்க வேண்டிய விதம் வேறு. ஒரு பெண்ணின் நிரையில் தொடர்ந்து இரண்டு மாதம் வெறுமையாக இருந்தால் அது பிள்ளைப்பேறா, நோயா, வேறு தோட்டத்துக்குப் போனதா? ஒரு நாளின் நிரல் முழுக்க வெறுமையாக இருந்தால் அது தீபாவளியா, வேலைநிறுத்தமா? 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் நடந்த வேலைநிறுத்தத்தில் பொலிஸ் சூட்டில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். தோட்டக் கணக்குக்கு வேலைநிறுத்தம் என்பது வெற்றுக் கட்டங்கள் மட்டுமே. மலையகத் தொழிலாளர் வரலாற்றுக்கோ அந்த வெற்றுக் கட்டங்கள்தான் செய்தி.

செக்ரோலுக்கு முன்னாலும் பின்னாலும் இன்னும் பல எண்கள் இருந்தன. தமிழ்நாட்டிலிருந்து கூட்டி வரப்பட்டவர்களின் கழுத்தில் தகரத் துண்டு தொங்கியது. அதில் தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் குத்தப்பட்டிருக்கும். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டும் என்றால் கடன் தொகை எழுதிய 'துண்டு' வேண்டும். துண்டு முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது. இவற்றில் எதுவும் குடும்பத்தைப் பதிவு செய்வதற்காக உருவானதல்ல. ஆளைத் தோட்டத்தோடும் கடனோடும் கட்டி வைப்பதற்காக உருவானவை.

நிரையைக் கேட்ட சட்டம்

இது வெறும் ஆவணப் பிரச்சினையாக நின்றிருந்தால் பரவாயில்லை. 1948க்குப் பிறகு அது வாழ்க்கைப் பிரச்சினை ஆனது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க இலங்கைக் குடியுரிமைச் சட்டம், இங்கே பிறந்தது மட்டும் போதாது, அப்பா இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தகப்பன் வழித் தாத்தாவும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது. அதாவது மூன்று தலைமுறையை ஒரே நிரையில் வரிசையாக அடுக்கிக் காட்டச் சொன்னது. அடுத்த வருடம் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், 1946 ஜனவரி 1க்கு முன்னால் திருமணமானவர்கள் 7 வருடமும் மற்றவர்கள் 10 வருடமும் தொடர்ச்சியாக இங்கே வசித்ததை நிரூபிக்கக் கேட்டது. நம் கணக்கில் சொன்னால், இடையில் 0 விழாத நீளமான ஒரு நிரை.

அந்த நிரை யாரிடம் இருந்தது? தோட்டத் தொழிலாளியிடம் இல்லை. பதிவேடுகள் துரையின் அலுவலகத்தில், தோட்டம் தோட்டமாக, வருடம் வருடமாகப் பிரிந்து கிடந்தன. ஒரு மனிதருடைய வாழ்க்கை மூன்று தோட்டங்களின் புத்தகங்களில், மூன்று விதமாக எழுதப்பட்ட ஒரே பெயரில் சிதறிக் கிடந்தது. அதை எடுத்துச் சேர்த்து நேராக அடுக்கிக் காட்டும் வேலையைச் சட்டம், எழுதப் படிக்க வாய்ப்பே கிடைக்காதவர்களின் தலையில் போட்டது. இரண்டாவது சட்டத்தின் கீழ் சுமார் 8,25,000 பேர் சார்பில் விண்ணப்பங்கள் போயின. குடியுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு.

மிச்சம் இருந்தவர்களை 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் எண்ணாகப் பங்கு பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேர் பிறகு பேசிக்கொள்ளலாம். அந்தப் 'பிறகு' 1974இல் வந்தது, பாதிப் பாதியாக. ஒரே லயத்தில் அண்ணன் ஒரு கணக்கிலும் தங்கச்சி இன்னொரு கணக்கிலும் விழுந்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். எஞ்சியிருந்தவர்களின் நாடற்ற நிலைமை தீர 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 55 வருடம்.

ஆகவே ஆவணத்தை எப்படி வாசிப்பது, எப்படி அடுக்குவது என்பது எங்களுக்குப் பரீட்சைக் கேள்வி அல்ல. சரியாக அடுக்க முடிந்தவர்கள் இங்கே இருந்தார்கள். மற்றவர்களில் பலர் தலைமன்னாரில் கப்பல் ஏறினார்கள்.

இப்ப நம்ம கையில இருக்கிறது

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் போயின. 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய 'நூலகம்' என்ற எண்ணிம நூலகம் இன்றைக்கு ஈழத்து நூல்கள், இதழ்களோடு மலையகத்தின் பதிப்புகளையும் வருடிச் சேர்த்து வைத்திருக்கிறது. அதில் இருக்கும் வருடிய பக்கம் ஒவ்வொன்றும் ஒரு படம். தமிழ் எழுத்தைப் படத்திலிருந்து வாசிக்கும் டெசரக்ட் போன்ற திறந்த மூல மென்பொருள்களும் இப்போது இருக்கின்றன. தாம்பரத்தில் 1978இல் செய்த வேலையின் தூரத்துப் பேரப்பிள்ளைகள் என்று அவற்றைச் சொல்லலாம்.

ஆனால் பழைய அட்டவணை ஒன்றை அப்படிப்பட்ட மென்பொருளிடம் கொடுத்தால் பல தடவை என்ன நடக்கிறது தெரியுமா? பெயர்களையும் எண்களையும் வாசித்துவிட்டு, எல்லாவற்றையும் ஒரே வரிசையாகக் கொட்டிவிடுகிறது. எந்த எண் எந்தப் பெயருக்கு என்பது போய்விடுகிறது. மறுபடியும் அகலம் தெரியாத படம். அதைத் திரும்பவும் நிரையாக, நிரலாக அடுக்க ஒரு ஆள் உட்கார வேண்டும். அந்த ஆளுக்குப் பைதான் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 'அரைப் பேர்' என்றால் என்ன என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டும் தெரிந்தவர்கள் நம்மில்தான் வர முடியும்.

2023இல் 'மலையகம் 200' நினைவுகூரப்பட்டதிலிருந்து நம் வயதுப் பிள்ளைகள் பலர் வீட்டுப் பழைய காகிதங்களைப் படமெடுத்துப் பகிர்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பும்போது கோப்பு நசுங்கிவிடும். எடுத்த திகதி போன்ற, கோப்புக்குள் ஒளிந்திருக்கும் தகவல்களும் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். அதையே 'டொக்கியூமென்ட்' ஆக அனுப்பினால் கோப்பு அப்படியே போய்ச் சேரும். தொலைபேசியைப் படுக்க வைத்து எடுத்த படம் சில இடங்களில் பக்கவாட்டில் தெரிவதற்கும் இதுதான் காரணம்: எந்தப் பக்கம் திருப்பிக் காட்ட வேண்டும் என்று 1 முதல் 8 வரையான ஒரு எண் கோப்புக்குள் எழுதப்பட்டிருக்கும். அந்த எண் போய்விட்டால் படம் சாய்ந்துவிடும்.

இவை கோப்பின் தலைப்பகுதி சம்பந்தப்பட்ட காரியங்கள். இதைவிடப் பெரிய தலைப்பகுதி ஒன்று இருக்கிறது. எந்தக் கமராவும் அதை எழுதாது. படத்தில் இருப்பவர் யார், எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், ஏறத்தாழ எந்த வருடம், பத்திரத்தில் 'ராமாயி' என்றும் அடையாள அட்டையில் வேறு மாதிரியும் இருப்பது ஒரே ஆள்தானா, இதையெல்லாம் நமக்குச் சொன்னது யார். இந்த ஆறு வரிகளை ஒரு காகிதத்தில் எழுதி, பத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் சேர்த்து ஒரு படமும், பத்திரத்தைத் தனியாக ஒரு படமும் எடுங்கள். தெரியாததற்கு நேராக வெறும் கட்டம் விடுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம். வெறும் கட்டத்தைப் பின்னால் வருகிறவர் நிரப்பலாம். தப்பாக நிரப்பியதை நம்பிவிடுவார்கள்.

இலங்கையிலேயே அதிகம் மழை பெய்யும் இடங்களில் வட்டவளையும் ஒன்று. இங்கே காகிதம் சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும். காகிதத்தை வருடி வைத்தால் இன்னும் நூறு வருடம் கழித்தும் எண்கள் இருக்கலாம். அந்தக் காகிதத்தில் இருப்பவர்களை அடையாளம் சொல்லக்கூடிய பாட்டிகளும் தாத்தாக்களும் அவ்வளவு காலம் இருக்க மாட்டார்கள். முதலில் அவர்களிடம் போய்க் கேளுங்கள். படம் அப்புறம் எடுக்கலாம்.